கெலிப்பர் கசிந்தால் முதலில் பிஸ்டனைப் பாருங்கள்

பேராக்கின் தாப்பா, பீடோர் வட்டாரப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணே, முன் டயர்ல பிரேக் எண்ணெய் ஒழுகுது. சீல் மட்டும் மாத்திக் குடுங்கண்ணே, போதும்." போர்மேனும் சீல், உறை அடங்கிய ரப்பர் கிட் ஒன்றை வாங்கிப் போட்டுக் கொடுத்துவிடுவார். சில மாதம் ஓடும். பிறகு அதே சக்கரத்தின் உள்பக்கம் அதே ஈரம். உடனே பழி கிட்டின்மேல் விழும், "டூப்ளிகேட் சாமான்" என்று. கிட் மட்டமானதாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதைத் திட்டுவதற்கு முன், கெலிப்பரிலிருந்து (டிஸ்க்கைக் கவ்விப் பிரேக் பிடிக்கும் பாகம்) கழற்றிய பிஸ்டனை யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்னால் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் கெலிப்பர். பெடலை மிதித்தால் பிஸ்டன் உள்பக்கப் பேடை (உராய்வுக் கட்டையை), சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் தள்ளும். அந்த எதிர்விசையில் கெலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடை அழுத்தும். கெலிப்பர் துளைக்குள் வெட்டிய பள்ளத்தில், பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். அதன் குறுக்குவெட்டு சதுரம். அதுதான் சீல். எண்ணெயை அடைப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: பிஸ்டன் முன்னே போகும்போது அதைப் பிடித்தபடியே சற்று முறுகும்; காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் அரை மி.மீட்டருக்குக் குறைவாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். டிரம்மில் உள்ளதுபோல் இழுக்க ஸ்பிரிங் இங்கே கிடையாது. சீல் இறுகிப்போனாலோ, பள்ளத்தில் துரு ஏறி அதை நெருக்கினாலோ பின்னிழுப்பு நின்றுவிடும். பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடும், ரிம் சுடும், பெட்ரோல் குடிக்கும்.

சீல் தன் பள்ளத்திலேயே இருக்க, பிஸ்டன்தான் அதற்குள் நகர்கிறது. ஆகவே எண்ணெயைத் தடுக்கும் பரப்பு பிஸ்டனின் பக்கச்சுவர். துளையின் சுவரில் லேசான கீறல் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிஸ்டனின் குரோம் முலாமில் ஊசிமுனை அளவு குழி இருந்தாலோ, கதை வேறு. பலமாக மிதிக்கும்போது லைனில் 70 பார் அளவுக்கு அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் அந்தக் குழி வழியே வந்துவிடும். புது சீல் போட்டாலும் குழி குழியாகவேதானே இருக்கும்? அதோடு, அதன் விளிம்பு ஒவ்வொரு மிதிக்கும் புது ரப்பரையும் சுரண்டும்.

குழி எப்படி வருகிறது? பிஸ்டனின் வாயைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு தூசி உறை இருக்கிறது. அது கிழிந்த அன்றைக்கே கசிவுக்கு விதை போட்டாயிற்று. கணக்குப் பாருங்கள். புதுப் பேடின் உராய்வுப் பகுதி 10 மி.மீ. என்றும், அது 2 மி.மீ. வரை தேய்ந்தது என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு பேடின் தேய்மானத்தையும் அந்த ஒரே பிஸ்டன் ஈடுகட்டியாக வேண்டும். அப்போது அது முன்பு இருந்ததைவிட 16 மி.மீ. வெளியே வந்திருக்கும், டிஸ்க் தேய்ந்தது தனி. உறை கிழிந்திருந்தால் அந்த 16 மி.மீ. முழுக்கச் சேறும் தண்ணீரும் பட்டுத் துருப்பிடிக்கும். பேட் மாற்றுகிறவர் ஜி கிளாம்ப் வைத்து அப்படியே உள்ளே தள்ளுவார். துருப்பிடித்த பகுதி நேராகச் சீலுக்குள் போய்விடும். அடுத்த சில வாரத்தில் ஈரம் தெரியும். "பேட் மாத்தின இடத்துல கெடுத்துட்டான்" என்று சொல்வதில் பாதி உண்மைதான். மீதிப் பாதி, அதற்கு முன்பே கிழிந்து கிடந்த உறை.

தோட்டத்துப் பாதையில் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். செம்மண் ஈரமாக இருக்கும்போது கெலிப்பரில் அப்பிக்கொள்ளும், காய்ந்ததும் உப்புத்தாள்போல் உறையை அராவும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. குரோம் முலாமுக்கும் இரும்புக்கும் குளோரைடு பரம எதிரி. உரம் சிந்திய பாதையில் மழைநாளில் ஓட்டினால் அந்தத் தண்ணீர்தான் சக்கரத்துக்குள் தெறிக்கிறது. அடுத்தது வண்டி கழுவும் இடத்து ஜெட். கெலிப்பருக்கு நேராகக் குழாயை நீட்டிச் சேற்றை எடுக்கிறேன் என்று உறையின் உதட்டுக்கு அடியில் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள். சேறு போக வேண்டுமானால் ரிம் வழியாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி இறங்கும் வண்டிகளின் பிரச்சினை வேறு. மலைமேல் உள்ள தானா ரத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். கீழே வரச் சுமார் 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் கெலிப்பர் வெந்துபோகும். உறையும் சீலும் சூட்டில் இறுகி வெடிக்கும். போதாததற்கு எண்ணெயே கொதிக்கலாம். டாட் 3 தர வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் கொண்டது. நம் நாட்டுக் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது கடைக்காரர் வியாபாரத்துக்காக அல்ல. மலையடிவாரத்தில் பெடல் தரை தட்டி, ஆறியபின் சரியாகிவிட்டால் அது கொதித்த எண்ணெய். கெலிப்பரைக் கழற்றுவதால் அது தீராது.

இனி, ஒழுகுவது பிரேக் எண்ணெய்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமானால் அது அப்சாபர் (அதிர்வு தாங்கி) எண்ணெயாகவும் இருக்கலாம். டிரைவ் ஷாஃப்ட் உறை கிழிந்து கிரீஸ் தெறித்ததாகவும் இருக்கலாம். கிரீஸ் கறுப்பாக, கெட்டியாக இருக்கும். மற்ற இரண்டுக்கும் சுலபமான சோதனை: ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும். அப்சாபர் எண்ணெய் மேலே மிதக்கும்.

பிரேக் எண்ணெய்தான் என்றால், வரும் இடம் நாலில் ஒன்று: பிஸ்டன், எண்ணெயில் புகுந்த காற்றை எடுக்கும் நிப்பிள், ஹோஸ் சேரும் போல்ட்டின் செம்பு வாஷர், அல்லது ஹோஸே. பிரேக் கிளீனர் அடித்து முழுவதும் துடைத்துக் காயவிட்டு, ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கித்தான் வழியும். ஆகவே ஈரத்தின் உச்சி எங்கே என்று தேட வேண்டும். பிஸ்டன் கசிவு முதலில் உறைக்குள் தேங்கும். உறையின் உதட்டை மெல்லத் தூக்கினால் உள்ளிருந்து எண்ணெய் வழிந்தால் சந்தேகமே வேண்டாம். வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை என்பதால் கசிவு இல்லை என்று நினைக்காதீர்கள். சின்னக் கசிவில் அழுத்தம் குறையாது. பேடில் எண்ணெய் ஊறியபின்தான் இழுக்கத் தொடங்கும். அதேபோல் பிரேக் எண்ணெய் ஊற்றும் டப்பாவில் எண்ணெய் இறங்குவதெல்லாம் கசிவும் அல்ல. பேட் தேயத் தேய அளவு இறங்குவது இயல்பு. ஆனால் ஊற்றி ஊற்றி ஓட்டுகிற நிலை வந்துவிட்டால் அது கசிவுதான். கையில் கிடைத்த பவர் ஸ்டியரிங் எண்ணெயை டப்பாவில் ஊற்றிச் சமாளிப்பவர்களும் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும். பெடல் தள்ளும் மாஸ்டர் பம்ப்பிலிருந்து நாலு சக்கரம் வரை எல்லா ரப்பரும் குப்பைக்குத்தான்.

பிரித்துச் சரிசெய்வதா, முழுக் கெலிப்பரை மாற்றுவதா? பிரித்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. கிட் சில பத்து வெள்ளியோடு முடியும்; பிஸ்டன் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் பிஸ்டனும் கிட்டும் சேர்த்துப் போடுவதே சிறந்த வழி என்பது என் கருத்து. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் எடுக்கும் கெலிப்பரை நான் முழு மனதோடு சிபாரிசு செய்யமாட்டேன். அதன் சீலுக்கும் அதே வயசுதான், பல நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கும். எடுத்தால் உடம்புக்காக எடுங்கள். உள்ளே புது ரப்பர் போட்டே மாட்டுங்கள். கிட் வாங்கப் போகும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பிஸ்டன் அளவு மாறும். பிஸ்டனின் விட்டத்தை அளந்து, 48, 51, 54 மி.மீ. என்று என்ன வருகிறதோ அதையும், பழைய சீலையும் கையோடு கொண்டுபோங்கள்.

வேலைக்குப் போவோம். பின்சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், சக்கர நட்டுகளைத் தரையிலேயே இளக்குவது, ஜேக், அதோடு கட்டாயம் ஸ்டாண்ட். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் தலையை விடக் கூடாது.

ஹோஸைக் கழற்றும் முன் பிஸ்டனை வெளியே கொண்டுவாருங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து, பிறகு கம்ப்ரஸர் தேடி ஓடுவார்கள். பேட்களை எடுத்துவிட்டு, கெலிப்பரின் வாயில் ஒரு மெல்லிய பலகையை வைத்து, வண்டியில் இருப்பவரிடம் "மெதுவா மிதிங்க, நிறுத்துன்னா நிறுத்துங்க" என்று சொல்லி வையுங்கள். பெடல் தரைவரை போகாமல் அடியில் ஒரு கட்டை வைப்பது நல்லது. பழைய வண்டியில் மாஸ்டர் பம்ப்பின் கடைசிப் பகுதிக்கு சீல் ஒருநாளும் போயிருக்காது. அங்கே படிந்த அழுக்கில் போய் உரசினால் கெலிப்பர் வேலை முடிந்த கையோடு மாஸ்டர் பம்ப் வேலையும் வரும். டப்பாவில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டு, பிஸ்டன் கழன்று விழும் தறுவாயில் நிறுத்துங்கள்.

காற்றால்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், 2 பாருக்கு மேல் போகாதீர்கள். 50 மி.மீ. பிஸ்டனை 2 பார் காற்றே ஏறத்தாழ 40 கிலோ விசையோடு தள்ளும். இறுகிய பிஸ்டன் விடுபடும்போது தெறித்து வரும். எதிரே பலகை வேண்டும், விரல் மட்டும் அங்கே இருக்கவே கூடாது.

அடுத்து ஹோஸ். அதைக் கழற்றினால் டப்பா முழுவதும் காலியாகும் என்று பயந்து ஹோஸை பிளையரால் நசுக்குவார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வெடித்து ஒருவழி வால்வுபோல் ஆகிவிடும். பிறகு பிரேக் விடாமல் பிடிக்கும். அதற்குப் பதில் பெடலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு குச்சியை முட்டுக் கொடுங்கள். மாஸ்டர் பம்ப்பின் வழி மூடிக்கொள்ளும், எண்ணெய் இறங்காது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். பெயிண்டில் சிந்திய எண்ணெயைத் துடைத்தால் போதாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லையேல் பெயிண்ட் உரியும்.

மேசைக்கு வந்தபின் பழைய சீலை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக்காலோ நெம்பி எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பள்ளத்தின் விளிம்பில் கீறிவிடும். கழுவுவதற்கு பிரேக் கிளீனர் அல்லது ஸ்பிரிட் மட்டும். எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெய் டப்பாவில் முக்குவது நம் பட்டறைப் பழக்கம்; பிரேக்குக்கு அது ஆகவே ஆகாது, காரணம் மேலே சொன்ன அதே ரப்பர் ஊதல். பள்ளத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மூலைகளில் பழுப்பு நிறத்தில் ஒரு மாவு படிந்திருக்கும். வளைத்த பித்தளைக் கம்பியால் சுரண்டி, காற்றடித்து, விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். மாவு மிச்சமிருந்தால் சீல் மேடேறி உட்காரும், பிரேக் பிடித்துக்கொள்ளும். உறை மாட்டும் பள்ளத்தையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள்.

இப்போது பிஸ்டன். துடைத்து, காயவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே மெல்லச் சுழற்றுங்கள். கறை மட்டும் என்றால் துணியோடும் ஸ்பிரிட்டோடும் போய்விடும். நகத்தின் நுனியை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். எங்கேயாவது நகம் தட்டினாலோ, முலாம் பொரிந்திருந்தாலோ அந்தப் பிஸ்டனுக்கு விடை கொடுங்கள். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கலாம் என்ற யோசனை வரும். முலாம் போன இடத்தில் அடுத்த மழைக்கே துரு ஏறும். துளைச் சுவரில் உள்ள லேசான துருவுக்கு மட்டும் 1000 நம்பர் தாளைப் பிரேக் எண்ணெயில் நனைத்து மெல்லத் தேய்க்கலாம். சுவரில் ஆழமான குழி என்றால் கெலிப்பரையே மாற்றுங்கள்.

மாட்டும்போது புது சீலைப் புதுப் பிரேக் எண்ணெயில் முக்கி, முறுக்கு இல்லாமல் பள்ளத்தில் உட்கார்த்தி, விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். உறையைப் பிஸ்டனின் அடிப்பக்கமாக மாட்டி, அதன் வெளி உதட்டைக் கெலிப்பரின் பள்ளத்தில் முதலில் பொருத்திவிட்டுப் பிறகு பிஸ்டனை நுழைப்பது பெரும்பாலான மாடல்களுக்குச் சுலபம். பிஸ்டன் நேராக இருந்தால் இரண்டு கட்டைவிரல் பலத்தில் இறங்கும். கிளாம்ப் கேட்கிறது என்றால் சாய்ந்திருக்கிறது; எடுத்துத் திரும்ப வையுங்கள். பின்னால் டிஸ்க் உள்ள வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கெலிப்பருக்குள்ளேயே இருந்தால், அந்தப் பிஸ்டனைத் திருகித்தான் இறக்க வேண்டும்; தள்ளினால் உள்பொறி உடையும்.

வழுக்குப் பின்களைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரணச் சக்கர கிரீஸ் அங்கேயும் ஆகாது. சில மாடல்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். மேல் கீழ் மாற்றிப் போடாதீர்கள். எண்ணெய் ஊறிய பேடைக் கழுவிப் போடுவது, அடுப்பில் காட்டி எரிப்பது எல்லாம் வீண் வேலை. இரண்டு பக்கமும் புதுப் பேட். ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு புதுச் செம்பு வாஷர். பழையது ஒருமுறை நசுங்கியாயிற்று. இறுக்கத்துக்கு உங்கள் மாடலின் கையேடுதான் கணக்கு. பொதுவாக நிப்பிள் 7 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், கையளவு இறுக்கம். ஹோஸ் போல்ட்டும் வழுக்குப் பின்னின் போல்ட்டும் 30ஐ ஒட்டி. கெலிப்பர் தாங்கியைப் பிடிக்கும் பெரிய போல்ட் 100ஐ ஒட்டி. நிப்பிளை உடைத்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் எல்லாரும் நீளமான ஸ்பேனர் பிடித்தவர்கள்தான். அதன் மரையில் வெள்ளை டேப் சுற்றுவதும் தேவையற்றது. அடைப்பது மரை அல்ல, அடியில் உள்ள கூம்பு.

காற்று எடுக்கும் முன் ஒன்று: நிப்பிள் கெலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் கழற்றிய நாளில் இடது வலது மாறிப்போவது சகஜம். நிப்பிள் கீழே வந்துவிட்டால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் மேலே தேங்கிய காற்று வெளியேறாது. முட்டுக் குச்சியை எடுத்துவிட்டு, தெளிவான குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் உள்ள குப்பிக்குள் முக்கி, முதலில் தானாகச் சொட்டவிடுங்கள். கெலிப்பரை மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் ஒட்டியிருக்கும் குமிழ்கள் ஏறும். பிறகு மிதி, திற, மூடு, காலை எடு. மூடுமுன் காலை எடுத்தால் காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். டப்பா காலியாகாமல் இருந்திருந்தால் அந்த ஒரு சக்கரம் போதும். காலியாகியிருந்தால் நாலும் செய்ய வேண்டும், வரிசையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 500 மி.லி. பாட்டில் ஒன்று போதும். மூடி திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த பாட்டிலை எடுக்காதீர்கள்.

வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். புதுப் பேடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இடைவெளி இருக்கும். முதல் மிதி வெறும் காற்றில் மிதிப்பதுதான். எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, கெலிப்பரைச் சுற்றி டிஷ்யூ ஒத்திப் பாருங்கள். காலிப் பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபின், 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து எட்டுப் பத்து முறை பேடைப் பழக்குங்கள். இடையில் முழுதாக நிறுத்தி மிதித்தபடி நிற்க வேண்டாம். மறுநாள் காலை சக்கரத்தின் உள்பக்கம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

எல்லாம் காய்ந்திருந்தும் பெடல் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்தால், பின் டிரம்மின் ஷூ இடைவெளி அதிகம். அதை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் காற்று மிச்சம் இருக்கிறது. கெட்டியாக நின்ற பெடல் காலை வைத்திருக்க வைத்திருக்க மெல்ல இறங்கினால், எங்கும் ஈரமில்லாவிட்டாலும், மாஸ்டர் பம்ப்பின் உள் சீல் விட்டிருக்கிறது. பம்ப் பூஸ்டரோடு (மிதியின் பலத்தைக் கூட்டும் பாகம்) சேரும் இடத்துக்குக் கீழே பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உரிந்திருந்தால் அது பின்பக்கமாகவும் கசிகிறது. அந்த நிலையில் கெலிப்பரை மறுபடி கழற்றுவது வீண்.